முகம் காட்டுகிறவன்

தேங்காய் அரைத்து வைத்த கிண்ணத்தை மூடினோமா இல்லையா என்பதுதான் அந்த நேரத்தில் மெற்றில்டாவின் மனதில் வந்து நின்றது. வள்ளம் பொழிக்கு வெளியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அலை உடைகிற சத்தம் காதில் விழாமல் நேரே வயிற்றில் விழுகிறது, ஒரு மனுஷிக்கு ஜெபம் நினைவுக்கு வரலாம், மாதா வரலாம், செத்துப்போன அம்மா வரலாம், வந்ததோ தேங்காய். விடியுமுன் எழுந்து மிளகாயும் மல்லியும் சேர்த்து அரைத்து வழித்தது நினைவிருக்கிறது, கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்தது நினைவிருக்கிறது, மேலே தட்டுப் போட்டது மட்டும் நினைவில் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை வேறு, கதவைச் சாத்திவிட்டுப் போனால் ஜன்னல் வழியாக உரிமையோடு வந்துவிடும். சரி, தின்னட்டும் என்று அதைத் தள்ளிவிட்டு முன்னால் பார்த்தாள். ஆறு வந்து கடலில் விழுகிற வாயைத்தான் சின்னப்பொழி ஊரில் பொழி என்பார்கள். அந்த வாய்க்குக் குறுக்கே கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி ஒரு திட்டுப் போட்டிருக்கும். தை மாதத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, குழந்தைகூடக் குறுக்கே நீந்தும். ஆனி பிறந்துவிட்டால் வருகிற ஒவ்வொரு அலையும் அந்தத் திட்டில் கால் இடறி எழுந்து நின்று, வெள்ளையாக உடைந்து விழும். அதைத் தாண்டிவிட்டால் ஆறு, அமைதி, கரை, வீடு. தாண்டுவதற்குத்தான் இத்தனை பாடு. எஞ்சினின் கைப்பிடியில் அவள் வலது கை, அந்தக் கையின்மேல் ஆன்சலாமின் கை, இரண்டையும் மூடி ஒரு துண்டு. வள்ளத்தின் பின்தலையான அமரத்தில், ஒரே பலகையில், புருஷனும் பெண்டாட்டியும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஆன்சலாம் எஞ்சின் பிடிக்கிறான், மெற்றில்டா ஒட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று தெரியும். மாசியிலிருந்து இப்படித்தான். கலியாணமாகி இத்தனை வருஷம் கழித்து இவளுக்கு என்ன ஆசை பொங்குகிறது என்று மீன் ஏலம் போடுகிற இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆசையும் இல்லை, பூசையும் இல்லை, அவன் கை வெறும் மூடிதான் என்று யாரிடம் சொல்ல?

அந்தக் கை இப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் நடுக்கம் வேறு, இது வேறு; எஞ்சினை நிறுத்தினாலும் இது நிற்காது. ஒரு காலத்தில் இந்தக் கையைத்தான் ஊர் கொண்டாடியது. ஆனி ஆடியில் மற்ற வள்ளங்கள் வெளியே காத்துக் கிடக்கும்போது ஆன்சலாம் பொழிக்குள் நுழைகிறதைப் பார்க்கக் கரையோரக் கல்லுமேட்டில் ஆட்கள் வந்து நிற்பார்களாம், அவளுடைய அப்பாவும் நின்றிருக்கிறார், அங்கே நின்றுதான் மருமகனைத் தேர்ந்தெடுத்தார். அப்போது அவன் அமரத்தில் இருப்பான், தம்பி பங்கிராஸ் வள்ளத்தின் முன்தலையான அணியத்தில், கடலைப் பார்த்து, அதாவது அண்ணனைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இந்தப் பொழியில் எல்லா வள்ளத்திலும் அதுதான் முறை. எஞ்சின் பிடிக்கிறவன் முன்னால் மட்டும்தான் பார்க்கவேண்டும், பின்னால் வருகிற அலையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை திரும்பும், கை ஒரு விரற்கடை திரும்பினால் வள்ளம் அலைக்குக் குறுக்கே விழும், அப்புறம் பேச்சில்லை. அதனால் அணியத்தில் ஒருவன் பின்பக்கம் பார்த்து உட்காருவான். அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் அந்த இரைச்சலில் கேட்காது. அமரத்தில் இருக்கிறவன் அவன் முகத்தைப் பார்த்தே அலையை அறிந்துகொள்வான். புருவம் ஏறினால் வருகிறது, தாடை இறுகினால் பெரிது, கண் கீழே தாழ்ந்தால் அலை காலடியில் போய்விட்டது. இதற்கு முகம் காட்டுவது என்று பெயர். பங்கிராஸ் நன்றாக முகம் காட்டுவான் என்பார்கள். நல்ல பையன், இருபத்தாறு வயதில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சம்பந்தம் பேசப் போன இடத்தில் மூன்று டம்ளர் காப்பி குடித்தான் என்று ஆன்சலாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். போன வருஷம் ஆடியில் ஒரு காலை பங்கிராஸ் முகம் காட்டினான், அந்த முகத்தில் என்ன இருந்ததோ, ஆன்சலாம் அதை நம்பாமல் ஒரு தடவை, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்துவிட்டான். வள்ளம் குறுக்கே விழுந்தது. அவனை வேறு வள்ளக்காரர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பங்கிராஸை இரண்டு ஊர் தள்ளிக் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவனோடு வள்ளமேற ஆள் வரவில்லை. வந்திருந்தாலும் அவனால் பிடித்திருக்க முடியாது. வெளிக்கடலில் ராஜா மாதிரி இருப்பவன், பொழி கண்ணுக்குத் தெரிந்ததும் கை வெலவெலத்துவிடுகிறான். ஒருநாள் வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கேட்காமலே, தலையை நிமிர்த்தாமலே சொன்னான், திரும்பிப் பார்த்தபோது அலை தென்னை உயரம் நின்றதாம். பார்த்த உடனே பயமெல்லாம் போய்விட்டதாம். "ஒண்ணுமே தோணல மெற்றில்டா. சோறு தின்னுட்டு வேப்பமரத்துக் கீழ படுத்துக் கெடக்கது மாதிரி இருந்திச்சு." சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். சின்ன அலைக்குத்தான் அவனுக்குப் பயம், சாவுக்கில்லை என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியது, தோன்றியதும் கோபம் வந்தது. சாவு வந்து நின்றால் நிம்மதியாகிவிடுகிற ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? மறுநாள் அவள் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை நைட்டியின்மேல் போட்டுக்கொண்டு, முடியைத் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கு என்றான், இறங்கவில்லை. வெளிக்கடலில் அவன் சொல்லித்தர அவள் பிடித்துப் பழகினாள். கையைப் பிடுங்கிக்கொண்டு போகிற எஞ்சினை அக்குளில் இடுக்கி அடக்குகிற வித்தை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு இது என்ன பெரிய பாரம்.

கல்லுமேட்டில் ஆட்கள் நிற்கிறார்கள். வெயில் கரைப்பக்கமிருந்து கண்ணுக்குள் அடித்தது, முகம் தெரியவில்லை, உருவம்தான் தெரிந்தது. நடுவில் குட்டையாக, குடையை ஊன்றிக்கொண்டு நிற்பது ஊர்க் கமிட்டித் தலைவர் ததேயுஸ். மழை இல்லாத நாளிலும் அந்தக் குடை அவரை விட்டுப் பிரியாது. இன்றைக்கு அவர்கள் காற்று வாங்க வந்து நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஆன்சலாமை மட்டும் கூப்பிட்டு, அவளை நான்கடி தள்ளி நிறுத்திவைத்து, ததேயுஸ் சொன்னார். பெண்பிள்ளை வள்ளத்தில் போவதைக் கமிட்டி பெரிய மனது பண்ணிக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது, காலம் மாறிவிட்டது, அதுவும் போகட்டும். ஆனால் பொழிக்குள் நுழைகையில் அமரத்தில் இருப்பது யார் என்று ஊருக்குள் ஒரு பேச்சு நடக்கிறது. அமரத்தில் பெண் உட்கார்ந்தால் பொழி அடைந்துபோகும் என்பது தெரியாதா. இந்த வருஷம் மணல் என்றுமில்லாத அளவுக்கு ஏறியிருக்கிறது. அவள் மட்டும் பிடிப்பதைக் கண்ணால் கண்டால் வள்ளத்தில் ஒருவனும் கை வைக்க மாட்டான். கை வைப்பது என்றால் இந்தக் கரையில் சின்ன விஷயமில்லை. வருகிற வள்ளம் எதிரியுடையதாக இருந்தாலும், வழக்கு நடந்துகொண்டிருந்தாலும், கரையில் நிற்கிறவன் பேசாமல் வந்து கை வைத்து மணலில் ஏற்றிக் கொடுப்பான். அது இல்லையென்றால் வள்ளம் ஆற்றோரத்தில் கிடந்து இடிபட்டு உடைய வேண்டியதுதான், அப்புறம் அந்த வீட்டுக்கு ஊரில் இடமில்லை என்று அர்த்தம். மெற்றில்டா தலையில் முக்காடோடு கேட்டுக்கொண்டு நின்றாள். மணல் என்னாலா வந்தது? நான் பிறக்காத காலத்திலும் ஆனியில் மணல் ஏறியிருக்கிறது, நான் மூத்தவளைப் பெற்றுப் படுத்திருந்தபோதும் ஏறியிருக்கிறது. எனக்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் அந்தக் குடையை அல்லவா பறக்க விடுவேன். இப்படியெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆன்சலாம் தரையைப் பார்த்துக்கொண்டு, சரி, நான்தான் பிடிக்கிறேன், நான்தான் பிடிப்பேன் என்று இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை குரல் உடைந்தது. அதைக் கேட்டபோது ததேயுஸின்மேல் வந்த கோபம் முழுக்க இவன்மேல் திரும்பியது அவளுக்கு இப்போது மறுபடி நினைவுக்கு வந்தது, வந்து தேங்காயோடு சேர்ந்து நின்றுகொண்டது.

சரி, இப்போது என்ன? பக்கத்துத் துறைமுகத்துக்குப் போகலாம் என்றால் டேங்கில் அவ்வளவு மண்ணெண்ணெய் இல்லை. காத்திருக்கலாம் என்றால் வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும், இந்தப் பொழி இன்னும் கெடும். மாசி, பங்குனி, சித்திரை வரைக்கும் கை மூடி நாடகம் நடந்தது, அலை இல்லாத காலம், முகம் காட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. ஆனால் நேற்று? நேற்று இரண்டு பேரும் அமரத்தில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே வந்தபோது, பின்னால் ஒன்று வந்து தூக்கியது. வந்தது யாருக்கும் தெரியாது, தூக்கியபோதுதான் தெரிந்தது. எஞ்சின் தண்ணீருக்கு மேலே வந்து ஊளையிட்டது, அவன் பயத்தில் அவள் கையை இறுக்க, அவளால் திருப்பவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல், எப்படியோ, யார் செய்த புண்ணியமோ, உள்ளே வந்து விழுந்தார்கள். கரையில் ததேயுஸ் ஆட்கள் வந்து கை வைத்தார்கள், சபாஷ் ஆன்சலாம், பழைய கை திரும்பிவிட்டது என்று ஒருவன் முதுகில் தட்டினான், அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து அவள் சோறு பொங்கினாள், சாப்பிட்டார்கள், நேற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாடகம் நன்றாக நடந்தால் இன்றைக்குச் சாகலாம். அவள் சாகத் தயாராக இல்லை. அதுவும், எஞ்சினை அவள் பிடிக்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கையில், இன்னொருத்தர் கைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சாகத் தயாராகவே இல்லை. செத்த பிறகும் சொல்வார்களே, ஆன்சலாம் நன்றாகத்தான் பிடித்தான், பக்கத்தில் அவள் உட்கார்ந்து கெடுத்துவிட்டாள் என்று.

துண்டை எடுத்து மடியில் போட்டாள். அவன் கையை விலக்கினாள்.

"நீரு முன்னால போயி இரியும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் புரியாதவன்போல அவளைப் பார்த்தான்.

"வேண்டாம் ஏட்டி. அவனுவ பாத்துக்கிட்டு நிக்கானுவ."

"பாக்கட்டும். பாக்கதுக்குத்தானே வந்து நிக்கானுவ."

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். இன்றைக்கு ஒருநாள் போகட்டும், நாளைக்கு யோசிக்கலாம் என்றான், வள்ளத்தை இடித்துப்போட்டால் சோற்றுக்கு என்ன செய்வோம் என்றான், பிள்ளைகளின் பேரைச் சொன்னான், கடைசியில் உண்மையான காரணத்துக்கு வந்தான். "எனக்கு எல்லா அலையும் பங்கிராஸக் கொண்டுபோன அலையாத்தான் தெரியும். என் மூஞ்சியப் பாத்து நீ என்னத்தக் கண்டுபிடிப்ப?" சொல்லும்போதே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உப்புத்தண்ணீர் தெறித்த முகத்தில் அது கண்ணீர் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு இது இடமில்லை. "அத நான் கண்டுபிடிச்சுக்கிடுதேன்," என்றாள். "நீரு முகத்த மட்டும் மறைக்காதயும்."

அவன் பலகையைப் பிடித்து, வலையைத் தாண்டி, மீன் கூடையைத் தாண்டி, குனிந்து குனிந்து அணியத்துக்குப் போனான். போய்த் திரும்பி, அவளைப் பார்த்து உட்கார்ந்தான். பங்கிராஸின் இடம். அந்த இடத்தில் அவன் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்க அவன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கல்லுமேட்டில் ஒரு சலசலப்பு. குடை ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது. யாரோ இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்துகிறான், கடல் அதைத் தின்றுவிட்டது, நல்லதாகப் போயிற்று. மெற்றில்டா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி வள்ளத்துக்குள் போட்டாள். முடி அவிழ்ந்து காற்றில் அடித்தது, அள்ளிக் கொண்டையாக முடிந்தாள். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு யார் என்பதில் இனி சந்தேகம் வேண்டாம். மாமியார் வீட்டுக்கு முதல் நாள் போனபோதுகூட அவள் இத்தனை பேர் பார்க்க இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. பயம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குஷியும் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கையின்மேல் கை இல்லை. வெயில் நேரே புறங்கையில் பட்டது. நாலு மாதமாக இந்தக் கை வெயிலே காணவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அலைகள் கூட்டமாக வரும், போகும், நடுவில் கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தாள். பெரியவை சில வள்ளத்துக்கு அடியில் புரண்டு போய்த் திட்டில் உடைந்தன, உடைந்த வெள்ளை ஆற்றுக்குள் ஓடியது. ஆன்சலாமின் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் புருவம் ஏறியது, தாடை இறுகியது, தொண்டை ஏறி இறங்கியது. பெரியதுக்கும் அதே, சின்னதுக்கும் அதே, ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீருக்கும் அதே. சொன்னது சரிதான், இந்த முகத்தில் எல்லா அலையும் ஒரே அலைதான். கூரையில் காக்கா உட்கார்ந்தாலும் குரைக்கிற நாயை வைத்துக்கொண்டு எப்படித் திருடனைப் பிடிப்பது? கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு கடல் மூச்சு வாங்கியது, ஒரு நடுத்தர அலை அடியில் நுழைந்து முன்னால் போயிற்று, அவள் கைப்பிடியை முறுக்கினாள். வள்ளம் அந்த அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இதுதான் வித்தை, முன்னால் போகிற அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டே போகவேண்டும், அதை முந்தவும் கூடாது, பின்னால் வருகிறதற்குப் பிடி கொடுக்கவும் கூடாது. முந்தினால் அணியம் குப்புறக் குத்தும், பிந்தினால் பின்னால் வருவது ஏறி மிதிக்கும். கோயில் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேரில் நிற்கிறதா, நிற்கிறது, அப்படியானால் வாய்க்கால் இதுதான், இருபுறமும் மணல். திரும்பிப் பார்க்காதே. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது, மூச்சு விடுவதுபோல்கூட இருந்தது, திரும்பிப் பார்க்காதே, பிடரியில் மயிர் நின்றது, ஒரே ஒரு தடவை கண்ணைச் சாய்த்தால் போதும், பங்கிராஸின் அண்ணனும் அப்படித்தானே நினைத்திருப்பான், பார்க்காதே. முகத்தைப் பார். முகம் பயந்தது. பயப்படட்டும். இன்னும் பயந்தது, வாய் கோணியது, கண் பிதுங்கியது. அவளுக்கு அப்போது அது பளிச்சென்று பிடிபட்டது. வேப்பமரம். இவன் பயப்படுகிறவரைக்கும் ஒன்றும் இல்லை. பயப்படும் ஐயா, நன்றாகப் பயப்படும், இப்படியே கரைவரைக்கும் பயந்துகொண்டே வாரும் என்று வாய்விட்டே சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் அவள் காதுக்கே கேட்கவில்லை. பதினேழு வருஷம் இந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், காய்ச்சலில் பார்த்திருக்கிறாள், குடித்துவிட்டு வந்தபோது பார்த்திருக்கிறாள், தம்பியைக் குழியில் இறக்கியபோது பார்த்திருக்கிறாள், இதைப் படிக்க இன்னொருத்தரா வரவேண்டும்? திட்டு நெருங்கியது, தண்ணீரின் நிறம் மாறியது, பச்சை போய்ச் சேற்று மஞ்சள், அடியில் மணல் கொதிப்பது தெரிந்தது. இதுதான் மேடு, இதைத் தாண்டினால் போதும், மூடினேனா இல்லையா, தட்டு கையில் இருந்தது, கையில் எடுத்தேன், எடுத்து எங்கே வைத்தேன், முகத்தைப் பார்.

முகம் அமைதியாக இருந்தது.

புருவம் இறங்கிவிட்டது, தாடை நெகிழ்ந்துவிட்டது, கோணிய வாய் தானாகச் சேர்ந்துகொண்டது, கண் மட்டும் அவள் தலைக்கு மேலே, ரொம்ப மேலே போய் நின்றது. கலியாணப் போட்டோவில்தான் அவன் அத்தனை அழகாக இருந்தான். மெற்றில்டாவின் ரத்தம் உறைந்தது. ஆனால் கைக்கு உறைய நேரமில்லை, அது முழுக்க முறுக்கியது. எஞ்சின் அலறியது, வள்ளம் முன்னலையின் முதுகில் உச்சிவரை ஏறியது, இன்னும் ஒரு முழம் போனால் குப்புற விழும், அவள் அந்த ஒரு முழத்தை விடவில்லை, உச்சிக்குப் பின்னாலேயே, முதுகின் மடிப்பிலேயே அழுத்திப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த காற்று அவள் கழுத்தில் விழுந்தது, அலைக்கு முன்னால் வருகிற காற்று. திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாக வந்தது, நீ என்ன பெரிய இவன் என்று அந்த அலையைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், பதினாறு வயதுக்குப் பிறகு வாயில் வராத வார்த்தை. ஆன்சலாமைப் பார்த்து, "வேப்பமரத்துக் கீழ இருந்து எழும்பும் ஓய்!" என்று கத்தினாள். கேட்டதோ, உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டானோ, அவன் கண் மேலேயிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தது. அவன் எழுந்தான். கும்பிட்டு விழுகிற மாதிரி வள்ளத்துக்குள் விழுந்து, வலைமேல் தவழ்ந்து, மீன்மேல் தவழ்ந்து அமரத்துக்கு வந்தான். பயந்து ஓடிவரவில்லை, முன்தலையில் பாரம் இருந்தால் அது குத்தும், பின்னால் பாரம் வேண்டும், அது அவனுக்குத்தான் தெரியும், அவன் கைகளும் கால்களும் அதை மறக்கவில்லை. அவள் காலடியில் விழுந்து பலகையைக் கட்டிக்கொண்டான். எஞ்சினைத் தொடவில்லை. பெரியது பின்னால், திட்டின்மேல், இடி மாதிரி உடைந்தது. அப்போது வள்ளம் திட்டைத் தாண்டியிருந்தது, ஓர் ஆள் நீளம்தான், ஆனால் தாண்டியிருந்தது. வெள்ளை நுரை மலைபோல் வந்து மோதியது, பின்தலை ஒருபக்கம் ஒதுங்கப் பார்த்தது, கைப்பிடியை அக்குளில் இடுக்கி உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டாள், விலா எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்தாள், முறிந்தால் முறியட்டும். நுரை அவர்களைத் தூக்கி ஆற்றுக்குள் எறிந்தது. பிறகு சத்தம் பின்னால் போய்விட்டது. ஆறு ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.

வள்ளம் உள்கரை மணலில் முட்டி நின்றபோது அவர்கள் எல்லோரும் கல்லுமேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், கை எட்டுகிற தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு. மெற்றில்டா எஞ்சினை நிறுத்தித் தூக்கி மாட்டினாள். தண்ணீரில் இறங்கினாள். ஆன்சலாம் முன்னால் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். ததேயுஸ் அவளைப் பார்க்கவில்லை. அவரும் கெட்டவரில்லை, பங்கிராஸின் குழியில் முதல் பிடி மண் போட்டவர். ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார். "எலே ஆன்சலாம், கடைசியில பெரிசு வரும்போ நீ அமரத்துக்குப் பாஞ்சு வந்து பிடிச்சத நாங்க எல்லாரும் கண்டோம். ஒரு வார்த்த சொல்லு. கை வைக்கோம்." கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று அசைந்தன. உண்மையில் அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் அமரத்தில், நுரைக்கு நடுவில். எவ்வளவு சுலபம். ஒரு தலையாட்டல் போதும், வள்ளம் ஏறும், மீன் விற்கும், நாளைக்கும் துண்டு, நாளைக்கும் மூடி. அவள் ஆன்சலாமைப் பார்த்தாள். சொல்லிவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லட்டும், நான் இந்த இடத்திலேயே, இத்தனை பேர் முன்னாலேயே மறுப்பேன், வீடு உடைந்தாலும் சரி என்று பல்லைக் கடித்தபோது, அவன் புருவம் இறங்குவதைக் கண்டாள். தாடை நெகிழ்ந்தது. அதே அமைதி. பெரியது வருகிறது என்று அவள் கை தானாக வள்ளத்தின் ஓரத்தை இறுகப் பிடித்தது.

"நான் முகம்தான் காட்டினேன்," என்றான் ஆன்சலாம். "பிடிச்சது அவ. நேத்தும் அவதான். மாசியில இருந்து அவதான்."

ததேயுஸ் குடையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, தலைவலி வந்தவர்போல் நெற்றியைத் தேய்த்தார். பிறகு திரும்பி நடந்தார். அவர் நடந்ததும் சிலர் நடந்தார்கள், சிலர் நின்ற இடத்தில் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்கள். கை வைக்க யாரும் வரவில்லை. வரவேண்டாம். மெற்றில்டா பின்பக்கம் போய், தோளை வள்ளத்தின் ஓரத்தில் கொடுத்தாள், ஆன்சலாம் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி இழுத்தான். நகரவில்லை. மறுபடி தள்ளினாள், வலது விலா கத்தியால் குத்தியது, ஒரு சாண் நகர்ந்து நின்றது. இன்றைக்கு முழுக்க ஆனாலும் சரி, சாண் சாணாக ஏற்றுவோம், பார்க்கிறவன் பார்த்துக்கொண்டே நிற்கட்டும், பூனை அந்தக் கிண்ணத்தை நக்கித் துடைத்து வைக்கட்டும், இன்னொரு தேங்காய் உடைத்தால் போகிறது. மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். அப்போது பாரம் சட்டென்று குறைந்தது. அவளுக்குப் பின்னால், அமரத்தில், யாரோ தோள் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது, பிறகு இன்னொருவர் மூச்சும் கேட்டது. யார் என்று பார்க்க ஆசை கழுத்தைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ஆன்சலாமின் முகத்தைப் பார்த்தாள். புருவம் ஏறியிருந்தது, உதடு நடுங்கியது, தொண்டை ஏறி இறங்கியது, கண் அவள் தோளுக்குப் பின்னால் நிலைகொள்ளாமல் அலைந்தது. பயம் முழுசாகத் திரும்பி வந்து முகத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது மெற்றில்டாவுக்கு. காலை மணலில் இன்னும் ஆழமாக ஊன்றித் தள்ளினாள்.